பூனைக்குப் போன பெயர்

ஓர் இலவம்பஞ்சு மெத்தைக்குள் தூசிப் பூச்சிகள் லட்சக்கணக்கில் குடியிருந்தன. கண்ணுக்கே தெரியாத உடம்பு. வயிறு மட்டும் நிறையவே நிறையாது. வீட்டுக்காரி பரிமளத்தின் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்னும். தின்ற இடத்திலேயே கழியும். அந்தக் கழிவு மூக்கில் ஏறினால் சும்மா இருக்குமா? விடிந்தால் போதும், பரிமளம் அடுக்கடுக்காகத் தும்முவாள்.

பூச்சிகளின் தலைவன் பெயர் தொந்தியப்பன். ஒருநாள் பரிமளம் புருஷனிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"எல்லாம் இந்தப் பூனை முடியாலதாங்க. ஞாயித்துக்கிழமை சாக்குல கட்டி, கல்குவாரிப் பக்கம் விட்டுட்டு வந்துடுங்க."

தொந்தியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாடுபடுறது நாம, பேரு பூனைக்கா?"

அவன் பெண்டாட்டி செதிலாயி தலையில் அடித்துக்கொண்டாள். "பழி அதுக்குப் போகுது, சோறு நமக்கு வருது. வாயை மூடிக்கிட்டுத் தின்னுய்யா."

அவன் கேட்டால்தானே? மெத்தையின் தையல் ஓரம் ஏறி நின்றான். கட்டிலடியில் சொர்ணம் என்ற அந்தப் பூனை அழுதுகொண்டிருந்தது.

"ஏய் சொர்ணம்! அந்தத் தும்மல் எங்க கழிவால வர்ற தும்மல். உனக்கு அதுல துளி பங்கு கிடையாது."

பூனை அழுகையை நிறுத்தியது. "மன்னிக்கணும் அண்ணே, தெரியாமப் போச்சு. இவ்வளவு பெரிய ஆளுங்களுக்கு ஆகாததுன்னு ஒண்ணுமே இருக்காதே?"

"வெயிலைத் தவிர வேற எதுக்கும் அஞ்ச மாட்டோம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது வாய் கண்ணுக்குத் தெரியும்.

சொர்ணம் மெத்தைமேல் ஏறியது. நட்டநடுவில் சாவகாசமாகக் குந்தி, இருந்ததையெல்லாம் பெய்துவிட்டு இறங்கியது.

"அடிப்பாவி, ஞாயித்துக்கிழமை வரட்டும், இருக்கு உனக்கு!" என்று கத்திய பரிமளம், மெத்தையை மொட்டைமாடி வெயிலுக்குத் தூக்கிப் போனாள். அன்றிரவு பாயில் படுத்தாள்.

மறுநாள் பரிமளமும் புருஷனும் மாடிக்கு வந்தபோது பாதிப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. தொந்தியப்பனின் தொந்தி வற்றி, தோல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ஏங்க, ராத்திரி பூரா பூனை என் காலடியிலேயே கிடந்துச்சு. ஒரு தும்மல் வரல. அது மேல குத்தமே இல்ல, எல்லாம் இந்த மெத்தைக்குள்ளதான் இருக்கு. அந்தக் கட்டையை எடுங்க. இனிமே வாராவாரம் இதுக்கு அடியும் வெயிலும்தான்."

செதிலாயி கடைசி மூச்சில் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "பேரு வந்துடுச்சு. சந்தோஷமாய்யா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். கட்டை இறங்கியது.

அடுத்தவர் தலையில் விழுந்த பழியைத் தன் பெருமை என்று கேட்டு வாங்குகிறவன், அதற்குரிய அடியையும் சேர்த்தே வாங்குவான்.