பொட்டுவின் கால்கட்டு

மருதாயம்மாளிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைப்பது அபூர்வம். வேலைதான் கிடைக்கும். மனசு அடங்க மாட்டேன் என்கிறது என்று வந்தவரிடம் கஞ்சி அண்டாவைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். பற்றை விடுவது எப்படி என்று கேட்ட வாத்தியார் ஒருவரைப் பொழுது சாயும்வரை மிளகாய்க்குக் காம்பு கிள்ளவிட்டார். அவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

முருகன் மலையில் இருநூறாவது படிக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கூரை, மூன்று பானை, ஒரு உண்டியல். ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர், மத்தியானம் கஞ்சி. நூல் மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு நாள் காவி கட்டிக்கொண்டு மலையேறியவர் அவர். தலை இன்னும் நரைக்கவில்லை, குரலில் மில் சத்தம் இன்னும் இருந்தது.

அவருக்கு ஒரே சீடன். நாச்சிமுத்து, பதினெட்டு வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு மலைக்கு வந்தவன், ஆறு மாதமாக ஊர் திரும்பவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அவன் கண் முன்னாலேயே அது நடந்தது. அடிவாரத்தில் அரிசி மூட்டை வாங்கப் போயிருந்தான். கஞ்சி நேரத்துக்குத் தவறாமல் மடத்துக்கு வரும் கறுப்பு நாய், நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் பொட்டு என்று பேர், அவனைப் பார்த்த சந்தோஷத்தில் ரோட்டின் குறுக்கே ஓடி வந்தது. வேன் ஒன்று பின்னங்காலில் ஏறி இறங்கி, நிற்காமல் போய்விட்டது.

நாச்சிமுத்து அரிசி மூட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டான். ஊருக்குள் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வலிக்கு ஊசி போட்டு, தற்காலிகமாகச் சட்டம் வைத்துக் கட்டினார்.

"நாலு நாளைக்குள்ள கூட்டிட்டு வா தம்பி. எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போடணும். மூவாயிரத்து இருநூறு ஆகும். விட்டா கால் போயிடும்."

மூவாயிரத்து இருநூறு! அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சட்டைப் பையில் இருந்தது பதினேழு ரூபாய்.

மூச்சிரைக்கப் படியேறி வந்து மருதாயம்மாள் முன்னால் நின்றான்.

"உண்டியல்ல இருந்து குடுங்கம்மா. ஒரு உசுருங்க."

"அது தண்ணிக்கும் கஞ்சிக்கும்னு சனங்க போட்டது. அதுல நான் கை வெக்க மாட்டேன்."

"கால் போயிருமுங்கம்மா!"

"கேட்டுச்சு."

"அப்ப நான் எப்படிச் சம்பாதிக்கறதுங்க? எனக்கு என்ன தெரியும்?"

மருதாயம்மாள் எழுந்து வந்து அவன் தோளை அமுக்கிப் பார்த்தார். சந்தையில் காளையை அமுக்கிப் பார்ப்பதுபோல இருந்தது அவனுக்கு.

"இது யாரு தோளு?"

"என்னுதுதானுங்க."

"நாளைக்குக் கிருத்திகை. கைக்குழந்தையத் தூக்கிட்டு எத்தனை பேரு மூச்சு வாங்கி உக்காருவாங்கன்னு நீயே பாத்திருக்கற."

அவ்வளவுதான். அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நாலு நாளில் நாச்சிமுத்து மலையை எத்தனை முறை ஏறி இறங்கினான் என்று அவன் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். மொட்டை போட வந்த குழந்தைகளைத் தோளில் சுமந்தான். பாட்டிகளின் பால் குடத்தைச் சுமந்தான். இடையில் அடிவாரத்தில் வேன் கழுவினான். காரில் நாயோடு வந்து, கோயிலுக்குள் நாயை விட மாட்டார்களே என்று விழித்த குடும்பங்களைக் கண்டுபிடித்தது அவனுடைய சொந்த மூளை. 'நான் பாத்துக்கறனுங்க' என்று சங்கிலியை வாங்கிக்கொண்டு, ஒரே நேரத்தில் மூன்று உயர்சாதி நாய்களைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றான். ஒரு வீட்டம்மா ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் வைத்தபோது, தப்பாகக் கொடுத்துவிட்டாரோ என்று பின்னாலேயே ஓடினான்.

நாலாம் நாள் பொட்டுவுக்கு மாவுக்கட்டு விழுந்தது. அன்றைக்கு அவன் தூங்கியது மாதிரி அதற்கு முன்னால் தூங்கியதே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பொட்டுவைத் தனியாக விட மனசில்லாமல், சுமை தூக்கப் போகும்போது படியோரம் ஒரு சாக்கை விரித்துப் படுக்க வைத்தான். தண்ணீர் குடிக்க ஒரு தகர டப்பாவும் வைத்தான். ஒரு குழந்தையை மேலே விட்டுவிட்டு இறங்கி வந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். டப்பாவுக்குள் தண்ணீரில் காசு கிடந்தது. சாக்கின்மேல் ரூபாய்த் தாள்கள். அவன் காலையிலிருந்து தோள் வீங்கச் சுமந்ததைவிட அது அதிகம்.

'வாயில்லா ஜீவன், பாவம்' என்று சொல்லி ஒருத்தர் அவன் கண்ணெதிரேயே பத்து ரூபாய் போட்டார்.

அன்றிலிருந்து குழந்தை சுமப்பது நின்றது.

"ஏங்கண்ணு, இப்பெல்லாம் தோள்ல துண்டையே காணமே?" என்றார் மருதாயம்மாள் ஒரு நாள்.

"பொட்டுவுக்கு வேண்டியது தானா வருதுங்கம்மா. முருகன் குடுக்கறானுங்க."

"நல்லது" என்று மருதாயம்மாள் கஞ்சியைக் கிளறினார்.

அவன் திருடனல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். வந்த காசில் தனக்கென்று ஒரு டீ குடித்தவனில்லை. வெறிநாய்த் தடுப்பூசி போட்டான், கழுத்துப் பட்டை வாங்கினான், தினம் ஒரு முட்டை கொடுத்தான். பொட்டு பளபளவென்று ஆனது. மீதியை ஒரு பையில் போட்டு நாயின் பேரிலேயே முடிந்து வைத்தான்.

கார்த்திகை முடியும்போது டாக்டரம்மா மாவுக்கட்டை வெட்டி எடுத்தார். காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா கூடியிருச்சு. இனி நல்லா நடக்கவிடு. ஓடட்டும்."

பொட்டு இரண்டு நாள் தயங்கித் தயங்கி ஊன்றியது. மூன்றாம் நாள் படியில் குரங்கைத் துரத்தியது. நாச்சிமுத்து கைதட்டிச் சிரித்தான். அந்த வாரம் வெளியூர் போயிருந்த மருதாயம்மாள் வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை டப்பாவில் ஒரு ரூபாய்கூட விழவில்லை. கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும் நாய்க்கு எவன் காசு போடுவான்? ஒரு பெரியவர், "தம்பி, நாயை அக்கட்டால இழு, புள்ளைக பயப்படுது" என்றுகூடச் சொன்னார்.

நாச்சிமுத்து பையைப் பார்த்தான். பொட்டுவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஒன்று பாக்கி இருந்தது. வருஷா வருஷம் ஊசி இருந்தது. தினம் முட்டை இருந்தது. தைப்பூசம் வரை, அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்று முருகன் பேரில் சத்தியமே பண்ணிக்கொண்டான். எல்லாம் அதற்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தப்புச் செய்யப் போகிறவனுக்கு இந்தப் பேச்சு எங்கிருந்துதான் வருமோ, சரளமாக வரும்.

மூங்கில் சிம்பு இரண்டை வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து, அதே காலில் கட்டினான். வெள்ளைத் துணி எடுபடவில்லை. படி பூசை செய்யும் பெண்கள் ஒவ்வொரு படியிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துப் போவார்கள். ஈரம் காயாத படியில் விரலால் வழித்து எடுத்துக் கட்டின்மேல் தேய்த்தான். மஞ்சள் சீழாகவும் குங்குமம் ரத்தமாகவும் ஆயிற்று. தான் செய்ததைப் பார்த்து அவனுக்கே ஒரு நிமிஷம் உடம்பு சில்லிட்டது. பிறகு டப்பா நிறைந்தது, சில்லிப்பு மறைந்தது.

பொட்டு முதல் வாரம் கட்டைக் கடித்துக் கடித்துப் பார்த்தது. இன்னும் இறுக்கிக் கட்டினான். அப்புறம் கடிக்கவில்லை. மூன்று காலில் தத்தித் தத்தி நடந்தது.

"நாய்க்கு எப்படி இருக்குது?" என்று தினமும் கேட்பார் மருதாயம்மாள்.

"பரவாயில்லீங்கம்மா."

மார்கழி போனது. தைப்பூசக் கூட்டம் வந்து, காவடியும் பால் குடமுமாக மலையே ஆடி ஓய்ந்தது. பை கனத்தது.

பூசத்துக்கு மறுநாள் காலை. ஈரத் துணியோடு மருதாயம்மாள் கீழேயிருந்து ஏறி வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அவன் முன்னால் உட்கார்ந்து பிரித்தார். தகட்டில் அடித்த கால். நோய் தீர்ந்தவர்கள் முருகன் உண்டியலில் போடும் கால் உரு.

"கடைக்காரன் சிரிக்கறான். நாய்க்கால் இல்லையாம். மனுசக் கால்தான் இருக்குதுன்னான். முருகனுக்குத் தெரியும், குடுறான்னு வாங்கிட்டு வந்தேன்."

"யாருக்குங்கம்மா?"

"உன்ற பொட்டுவுக்குத்தான். நீ அதைத் தூக்கிட்டு வந்தியே, அன்னைக்கு நேர்ந்துக்கிட்டேன். நாலு காலும் ஊனுச்சுன்னா, இங்கிருந்து மேலவரைக்கும் முழங்காலால படியேறி இதைப் போடறேன்னு."

நாச்சிமுத்து தகட்டுக் காலையே பார்த்தான். பணம் தர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாவா?

"உண்டியல்ல கை வெக்க முடியாது. முழங்கால் என்னுதுதானே" என்றார் மருதாயம்மாள். "மூணு மாசமாச்சேப்பா. டாக்டர் என்னதான் சொல்றாங்க?"

அவனுக்கு உடனே ஒரு வழி தெரிந்தது. சத்தியம் பண்ணிய நாள் வந்துவிட்டது. கட்டை அவிழ்த்தால் பொட்டு எழுந்து ஓடும். அம்மா வேண்டுதலை முடிப்பார். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

"இன்னைக்கு அவுக்கச் சொல்லிட்டாங்கம்மா!"

"முருகா!" என்று மருதாயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவன் சாக்கில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். துணி சுற்றுச் சுற்றாகக் கழன்றது. சிம்புகள் விழுந்தன.

அது பொட்டுவின் கால் மாதிரியே இல்லை. மற்ற காலில் பாதிகூட இல்லை. ரோமம் உதிர்ந்து, சதை வற்றி, மடங்கிய வாக்கிலேயே இருந்தது.

"பொட்டு, வா! எந்திரி!"

பொட்டு வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. மூன்று காலில் தத்தி வந்து அவன் கையை நக்கியது. நாலாவது கால் வயிற்றோடு ஒட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"ஊனு பொட்டு. ஊனு!"

காலைப் பிடித்து இழுத்துத் தரையில் வைக்கப் பார்த்தான். நாய் வீல் என்று கத்தியது. படியேறிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி உச்சுக்கொட்டி டப்பாவில் காசு போட்டுவிட்டுப் போனாள்.

"என்னாச்சுப்பா?" மருதாயம்மாள் கிட்டே நகர்ந்து வந்தார்.

"நல்லா இருந்துச்சுங்கம்மா! கார்த்திகையிலயே கூடிருச்சுங்க! குரங்கைத் தொரத்துச்சு, நானே பாத்தனுங்க!"

"அப்புறம் எதுக்கு இந்தக் கட்டு?"

அவன் டப்பாவைப் பார்த்தான். மருதாயம்மாள் குனிந்து கீழே கிடந்த துணியை எடுத்தார். மஞ்சளையும் சிவப்பையும் முகர்ந்து பார்த்தார். பக்கத்துப் படியைப் பார்த்தார். அதிலும் மஞ்சள், குங்குமம்.

அவர் முகம் வெளுத்தது. எத்தனையோ பேருடைய எத்தனையோ துக்கத்தை அண்டா தேய்க்கவிட்டவர், கையில் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தகட்டுக் கால் மடியிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நாச்சிமுத்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் அதுக்காகத்தானுங்கம்மா! ஒரு பைசா நான் எடுக்கலீங்க. காலுக்கு ஒண்ணுமே இல்லீங்க! நான் கட்டுனது பொய்க்கட்டுங்கம்மா, வெறும் பொய்க்கட்டு!"

பொட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. மூன்று காலில் தத்திப் போய்ப் பழகிய இடத்தில், சாக்கின்மேல் படுத்துக்கொண்டது.

நாயின் வற்றிய காலைப் பார்த்தபடி மருதாயம்மாள் கேட்டார்.

"பொய்க்கட்டுன்னு உனக்குத் தெரியும் கண்ணு. அந்தக் காலுக்கு யாரு சொன்னா?"