நீர்நாய் சொன்ன ‘தெரியாது’

ஓடை ஒன்று குறுக்கே ஓடும் காட்டில், ஊர் வாய்க்குப் பயந்த சிங்கம் ஒன்று அரசாண்டது. அதற்கு ஒரு குரங்கு மந்திரி. அந்தக் குரங்குக்குத் தெரியாத விஷயமே கிடையாது, குழந்தைகளே. கேட்டால் அதுவே சொல்லும்.

அந்தக் கோடையில் புள்ளிமானின் இரண்டு குட்டிகளில் மூத்தது நோயில் விழுந்தது. அது கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோதே பிணந்தின்னிக் கழுகுகள் மேலே வட்டமடிக்கத் தொடங்கிவிட்டன. குட்டி இறந்ததும் கீழே இறங்கின. பெற்றவள் கண் முன்னாலேயே எல்லாம் முடிந்தது. அதை எந்தத் தாய்தான் மறப்பாள்?

மான் அழுதுகொண்டே சபைக்கு வந்தது.

“அரசே, என் குட்டிக்கு உயிர் இருக்கும்போதே அவை வந்துவிட்டன. சாவைக் கூட்டிக்கொண்டு வருவதே அவைதான். எனக்கு இன்னும் ஒரு குட்டி இருக்கிறது. அதையாவது காப்பாற்றுங்கள்.”

குரங்கு எழுந்து நின்றது. “இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கழுகு இறங்கிய இடத்தில் பிணம் இல்லாமல் யாராவது பார்த்திருக்கிறீர்களா?”

யாரும் பார்த்ததில்லை. சபை முழுவதும் தலையாட்டியது.

எதையும் கேள்வி கேட்டே துளைக்கும் நீர்நாய் ஒன்று அந்த ஓடையில் இருந்தது. அது மட்டும், “தவளை கத்திய பிறகு மழை வருகிறது. அதற்காகத் தவளைதான் மழையைக் கொண்டுவருகிறது என்போமா?” என்றது.

“அப்படியானால் குட்டி எதனால் செத்தது? நீதான் சொல்லேன்,” என்றது குரங்கு.

“எனக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு கோடை பொறுக்கச் சொல்கிறேன். ஓடைக்கு இந்தக் கரையில் மட்டும் கழுகுகள் இறங்காமல் இருக்கட்டும். அந்தக் கரையில் வழக்கம்போல இறங்கட்டும். எந்தக் கரையில் சாவு அதிகம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.”

“என் பிள்ளையை வைத்தா சோதனை செய்யப் பார்க்கிறாய்?” என்று மான் கதறியது.

குரங்கு சிரித்தது. “அரசே, தெரியாது என்று தன் வாயாலேயே சொல்கிறான். இவன் பேச்சைக் கேட்டா நாட்டை நடத்துவது?”

சபையும் சிரித்தது. சபை எந்தப் பக்கமோ சிங்கமும் அந்தப் பக்கம். கழுகுகளை விரட்டச் சொல்லி அன்றைக்கே உத்தரவு போட்டாயிற்று. யானைகள் கரையோரத்து மருத மரங்களைக் கூடுகளோடு சாய்த்தன. கழுகுகள் சற்று நேரம் மேலே சுற்றிவிட்டு மலைக்கு அப்பால் போய்விட்டன.

மழைக்காலம் தொடங்கும்போது ஓடையின் மேல்பக்கத்தில் ஒரு கிழட்டுக் காட்டெருமை செத்துத் தண்ணீரில் விழுந்தது. முன்பென்றால் பொழுது சாய்வதற்குள் கழுகுகள் அதை வெறும் எலும்பாக்கியிருக்கும். இப்போது அது ஊறி, உப்பி, அழுகியது. அந்தத் தண்ணீரைத்தான் காடு முழுவதும் குடித்தது. முதலில் முயல்கள் சுருண்டு விழுந்தன. பிறகு பன்றிகள்.

நீர்நாய் ஓடையோடு மேலே போய்ப் பார்த்தது. பார்த்ததும் நேரே சிங்கத்திடம் ஓடியது.

“அரசே, ஓடைத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். காட்டெருமையை யானைகள் வெளியே இழுத்துப் போடட்டும்.”

“அது ஏன் அங்கேயே கிடக்கிறது என்று கேட்பார்களே? என் உத்தரவைப் பற்றிப் பேச்சு வருமே?” என்று சிங்கம் முனகியது.

“வராது, அரசே. ஓடைத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று நானே அறிவித்துவிடுகிறேன்,” என்றது குரங்கு. சிங்கம் குடிப்பது குகைக்குள் ஊறும் சுனைநீர். குரங்குக்கும் அதில் பங்கு உண்டு.

மறுநாள் காலையில் மான் தன் குட்டியோடு ஓடைக்கு வந்தது. நீர்நாய் ஓடிவந்து குறுக்கே நின்றது.

“அக்கா, வேண்டாம். இதைக் குடித்தால் பிள்ளை செத்துப்போகும்.”

“அன்றைக்குத் தெரியாது என்றவன்தானே நீ? இன்றைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?”

“இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அக்கா.”

“நல்ல தண்ணீர் என்று மந்திரியே சொல்லிவிட்டார். வழியை விடு.”

குட்டிக்கு நல்ல தாகம். வயிறு நிறையக் குடித்தது.

அன்று இரவே அதற்குக் கால் தள்ளாடியது. அடுத்த நாள் எழவில்லை. புதரடியில் கிடந்த உடலை ஈ மொய்த்தது. மான் தலையை ஆட்டி ஆட்டி ஈயை விரட்டிக்கொண்டே நின்றது. நாற்றம் தாங்காமல் மற்ற மான்கள் விலகிப் போன பிறகும் அது நின்றது. கடைசியில், யாராவது வந்து எடுத்துப் போக மாட்டார்களா என்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. அங்கே ஒரு சிறகுகூடத் தென்படவில்லை.

நீதி: பார்க்காமலே ‘தெரியும்’ என்பவன் பேச்சைச் சட்டமாக்கினால், அதற்கு முதலில் பலியாவது எளியவர் பிள்ளைதான்.