நாளைக்கு வந்துரும்

உடன்குடி கடைத்தெருவில் தவசிக்கனி அண்ணாச்சியின் மளிகைக்கடைக்கு எதிரே ஏசி போட்ட பெரிய கடை ஒன்று வந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. இப்படியே போனால் பொங்கலுக்குள் கடையை மூட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாபாரிகள் சங்கத்தில் ஏஐ வகுப்பு எடுப்பவள் ஜெசிந்தா டீச்சர். அண்ணாச்சியைவிட வயதில் ரொம்பச் சின்னவள். இருந்தால் என்ன, குரு குருதானே! அண்ணாச்சி செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவார்.

"டீச்சர், எந்தச் சரக்கை எவ்வளவு வாங்கணும்னு எதிர்க்கடையில ஏஐதான் சொல்லுதாம். எனக்கும் அது வேணும். நான் தயாராத்தான் இருக்கேன்."

"காலையில கடைக்கு வாரேன், அண்ணாச்சி" என்றாள்.

சொன்னபடி வந்தாள். அரிசி மூட்டை ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கடைக்கு வருகிறவர்களைக் கவனித்தாள்.

நீலச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து ஏதோ கேட்டாள்.

"நாளைக்கு வந்துரும்மா" என்றார் அண்ணாச்சி, வேறொருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே.

அடுத்து ஒரு பெரியவர் ஏதோ கேட்டார்.

"நாளைக்கு வந்துரும், ஐயா."

இன்னும் இரண்டு பேருக்கும் அதே பதில்தான். கூட்டம் குறைந்தபின் டீச்சர் கேட்டாள்.

"எல்லாருக்கும் நாளைக்கு வந்துரும்னே சொல்றீங்களே?"

"கல்லாவுல உக்காந்துகிட்டு இல்லைன்னு சொல்லக்கூடாது, டீச்சர். சொன்னா லட்சுமி எந்திரிச்சுப் போயிருவா. எங்க அப்பா காலத்து வழக்கம்."

"சரி, நாளைக்கு வருமா?"

"எது?"

டீச்சர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி யோசித்தார். நீலச் சேலை ஞாபகம் இருந்தது. அவள் கேட்டது என்ன? தலையைச் சொறிந்து பார்த்தார், வரவில்லை. பெரியவர் கேட்டதும் வரவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வித்ததுக்கெல்லாம் பக்காவா கணக்கு இருக்கு, டீச்சர்" என்றார் சுருதி இறங்கி.

"வித்த கணக்கை மட்டும் குடுத்தா ஏஐ வித்ததைத்தான் கத்துக்கும்."

"அம்புட்டுப் பெரிய மிஷினு. மத்ததை அதுவா கண்டுபிடிச்சிக்கிடாதா?"

எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவு திறந்தது. நீலச் சேலைக்காரி கையில் ஒரு பையோடு வெளியே வந்தாள்.

"அந்தப் பையில என்ன இருக்குன்னு எதிர்க்கடை மிஷினுக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு, அண்ணாச்சி" என்றாள் டீச்சர். "ஆனா அந்த அம்மா அதை முதல்ல உங்ககிட்டதான் சொன்னாங்க."