பெர்னிலம்மாள் வேஷம்

முன்னொரு காலத்திலே, மந்திரவாதிகள் பட்டப்பகலில் தெருவிலே நடமாடிய காலத்திலே, கடலோரமாய் நண்டுத்துறை என்றொரு ராச்சியம் இருந்தது. ராச்சியம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ராஜா, ஒரு கோயில், நாலு தெரு, மிச்சமெல்லாம் மணல்.

அந்த ஊருக்குக் காவல் அர்ச்சியசிஷ்ட பெர்னிலம்மாள் என்ற புனிதை. ராஜா வீட்டில் பிறந்தவள். யார் எதைக் கேட்டாலும் மறுத்ததே கிடையாது. நகையைக் கேட்டவனுக்கு நகை, கட்டிலைக் கேட்டவளுக்குக் கட்டில். தகப்பனுக்குக் கோபம் வந்து சிறையில் போட்டான். அங்கேயும் தன் சோற்றைக் காவல்காரன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தே மோட்சம் போய்ச் சேர்ந்தாள். இப்படிப்பட்டவளைக் கும்பிடுவது சுலபம். ஒரே வீட்டில் குடியிருப்பதுதான் கஷ்டம்.

வருஷா வருஷம் திருவிழாவில் அவள் சரித்திரத்தை வாசாப்பாக ஆடுவார்கள். வாசாப்பு என்றால் பாட்டும் வசனமுமாய் விடிய விடிய நடக்கிற கூத்து. அதில் அம்மாள் வேஷம் கட்டுகிறவளுக்கு ஒரு கட்டு உண்டு. கோயிலில் கொடி ஏறிய நேரத்திலிருந்து கொடி இறங்குகிறவரை, யார் எதைக் கேட்டாலும் அவள் கொடுக்க வேண்டும். கொடுத்ததைக் கேட்டவர் வாசல்வரை தானே சுமந்துபோய் வைக்கவும் வேண்டும். ஊர்க்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள், வெற்றிலை, ஒரு பாட்டு, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பது, இதற்கு மேல் கேட்கமாட்டார்கள். வேஷத்தைக் குறையில்லாமல் கட்டி முடித்தவள் கேட்கிற ஒரு வரத்தை அம்மாள் தட்டமாட்டாள் என்றொரு நம்பிக்கையும் இருந்தது.

இது இப்படியிருக்க, எதிரே தெரிகிற தீவிலே உவரன் என்றொரு மந்திரவாதி வந்து குடியேறினான். அவன் வித்தை ஒன்றே ஒன்றுதான். ஒரு வேஷத்தில் வருவான், ஏதாவது கேட்பான். கையில் வைத்துக்கொண்டே கொடுக்க மறுத்தால், மறுத்தவர் நின்ற இடத்திலேயே உப்புக் கல். வாயால் மறுத்தாலும் சரி, கையால் மறுத்தாலும் சரி, அவனுக்கு ஒன்றுதான். "அடுத்த வீட்டைப் பாருங்க" என்று சாமர்த்தியமாய்ச் சொன்னவர்களும் கல்லானார்கள். ராஜா அரண்மனைக் கதவைச் சாத்தினார். சாத்திய கையோடு கல்லானார். அந்தக் கற்களையெல்லாம் தூக்கிப்போய்த் தீவிலே கோட்டை கட்டிக்கொண்டிருந்தான் உவரன்.

நண்டுத்துறையில் வியாகுலம் என்றொரு கருவாட்டுக்காரி இருந்தாள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவள். அவள் கருவாட்டுக் கூடையிலிருந்து ஓர் ஈகூட ஓசியில் ஒன்றும் தின்றதில்லை என்பார்கள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. தாயும் தகப்பனும் போனபிறகு தம்பி சிங்கராயனை இடுப்பில் தூக்கிக்கொண்டே கருவாடு விற்று ஆளாக்கியவள். ஊருக்குக் கொடுத்தால் தம்பிக்கு என்ன மிஞ்சும்? அவனுக்கும் அதையே சொல்லிச் சொல்லி வளர்த்தாள்.

நன்றாக வளர்த்தாள். ஒரு நாள் சிங்கராயன் வலை நிறைய மீனோடு கரையேறும்போது ஒரு கிழவன் வந்து, "தம்பி, ஒரு சாளை மீன் கொடேன்" என்றான். சிங்கராயன் வலையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒண்ணும் படலை பெரியவரே" என்றான். வியாகுலம் ஓடிவந்து பார்க்கும்போது தம்பி கழுத்தளவு வெள்ளையாகியிருந்தான். கண் மட்டும் அவளைப் பார்த்தது. பிறகு அதுவும் வெளுத்துவிட்டது.

அவள் அந்தக் கல்லை உவரன் கையில் விடவில்லை. வீட்டுக்குள் உருட்டிக்கொண்டுபோய்ப் பாயைப் போட்டு மூடினாள். ஆனாலும் உப்பு உப்புதானே? ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஈரக்காற்றிலேயே கசிந்து கரைந்துபோவான். தன் பாடத்தைப் படித்துத்தான் தம்பி கல்லானான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷத் திருவிழா வந்தது. அம்மாள் வேஷத்துக்கு ஊர்ப் பெண்கள் எல்லாருடைய பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவது வழக்கம். இந்த முறை எல்லாருக்கும் குலை நடுங்கியது. மறுக்கக்கூடாத வேஷம், கேட்க வருகிறவனோ உவரன். பிள்ளையைக் கேட்டால் என்ன செய்வது, தாலியைக் கேட்டால் என்ன செய்வது? ஒவ்வொருத்தியாய் வந்து தன் ஓலையை உருவிக்கொண்டு போனாள். வியாகுலம் சந்தைக்குப் போயிருந்தாள். அவள் ஓலை மட்டும் குடத்துக்குள் கிடந்தது.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் தொம்மை தலையைச் சொறிந்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி வியாகுலம், அம்மாள் வேஷம் உனக்குத்தான் விழுந்திருக்கு."

"ஊரே சிரிக்கும் அண்ணாவியாரே."

"சிரிச்சாச்சு. இப்போ நீ என்ன சொல்லுத?"

வியாகுலம் பாய்க்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தாள். "கட்டி முடிச்சா ஒரு வரம் உண்டுல்ல?" என்று கேட்டாள். உண்டு என்றார் அவர். "அப்போ கட்டுதேன்" என்றாள்.

கொடி ஏறியது. காகிதக் கிரீடமும் ஜிகினா சேலையுமாய் அவள் வீட்டுக்குத் திரும்பிக் கஞ்சிக் கலயத்தை எடுத்து உட்கார்ந்தாள். வாசலில் ஒரு பண்டாரம் வந்து நின்றான்.

"அந்தக் கஞ்சியைக் கொடு தாயே."

வேறு நாளாயிருந்தால் விளக்குமாறு பேசியிருக்கும். இன்றைக்கு அவள் கேட்டதைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தாள். கலயத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்து, அவன் தங்கியிருந்த பனையடியில் வைத்துவிட்டு வந்தாள். பண்டாரம் அவள் முகத்தையே பார்த்தான். மறுப்பாள் என்று வந்தவன் அவன்.

திருவிழா பாதி நடந்தபோது ஒரு நொண்டிக் கிழவி வந்தாள்.

"உன் காதிலே கிடக்கிற பாம்படத்தைக் கொடு மகளே."

அது அவள் தாய் போட்டிருந்த பாம்படம். பட்டினி கிடந்த நாளிலும் விற்காதது. கிழவியின் கண்ணைப் பார்த்ததும் இது யார் என்று வியாகுலத்துக்குப் புரிந்துவிட்டது. புரிந்தென்ன? கேட்டதைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தாள். கிழவியின் தோணிவரை போய்ப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தாள். வெறுங்காதைத் தடவிக்கொண்டு அன்று முழுக்க அழுதாள்.

கடைசி நாள். பூசை முடிந்து சப்பரம் சுற்றி வந்தாயிற்று. இனிப் பொழுது சாயும்போது மணி அடித்துக் கொடியை இறக்கவேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால், வெயில் கொளுத்தும்போதே, வேஷமெல்லாம் இல்லாமல் சொந்த உருவத்திலேயே வந்து நின்றான் உவரன். கூட்டம் விலகி வழிவிட்டது.

"என் கோட்டைக்கு வாசற்கல் ஒன்று குறைகிறது" என்றான். "உன் தம்பியைக் கொடு."

தம்பிக்காகக் கட்டிய வேஷம் தம்பியையே கேட்கிறது. கொடுத்தால் அவன் போனான். மறுத்தால் வியாகுலமே கல்லாவாள், வேஷமும் கெட்டது, வரமும் கெட்டது, பிறகு அவனைப் பாய் போட்டு மூடக்கூட ஆளில்லை. உவரனுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே நின்றான்.

"அம்மாளே, உனக்கு இதெல்லாம் எப்படி முடிஞ்சுது?" என்று முணுமுணுத்தாள் வியாகுலம். புனிதர்கள் சட்டென்று பதில் சொல்வதில்லை. அவள் வீட்டுக்குள் போனாள். பாயை விலக்கினாள். கேட்டதைக் கொடுத்தாள். இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை, அதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நடங்க. உங்க வாசல்ல கொண்டாந்து வைக்கேன்" என்றாள்.

"தேவையில்லை, நானே தூக்கிக்கொள்வேன்."

"அது வழக்கமில்ல."

வழக்கம் என்று வந்துவிட்டால் நண்டுத்துறைக்காரர்களிடம் மந்திரவாதியும் பேசி ஜெயிக்க முடியாது. கடல் வற்றி இடுப்பளவு நின்றது. உவரன் தோணியில் போக, அவள் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு துளி அலை அதன்மேல் படாதபடி, வெயிலில் தண்ணீருக்குள்ளேயே நடந்தாள். கழுத்து ஒடிந்தது. உதடு வெடித்தது. தீவில் ஏறி, வெள்ளைவெளேரென்று நின்ற கோட்டை வாசலில் தம்பியை மெதுவாய் இறக்கி வைத்தாள். கோட்டைக்குள்ளே ஒரு பானையும் ஒரு பாயும் தவிர வேறொன்றும் இல்லை. பானை நிறைய நல்ல தண்ணீர்.

தாகம் அவளைக் கொன்றது. சூதும் இல்லை, யோசனையும் இல்லை, வாயில் வந்ததைக் கேட்டாள்.

"கொஞ்சம் தண்ணி கொடும் ஐயா."

உவரனிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்பது எப்போதும் அவன்தான். அவன் சட்டென்று பானைக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டான். அதாவது பானையின் வாயை.

"உனக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை" என்றான்.

சொல்லி முடிக்கவில்லை, அவன் பாதம் வெளுத்தது. மந்திரத்துக்குத் தன்னை ஏவியவன், வேற்றாள் என்றெல்லாம் பார்க்கத் தெரியாது. முழங்கால் வெளுத்தது, இடுப்பு வெளுத்தது, நெஞ்சு வெளுத்தது. அவன் உப்பாக உப்பாக, சுவரிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாய் இருமிக்கொண்டு மனிதர்களாய் எழுந்தன. கதவைச் சாத்திய கையோடு ராஜா எழுந்தார். வாசலில் இருந்த கல், "யக்கா, என்னக்கா இது, காகிதத்தைத் தலையில வச்சிருக்கே?" என்றது. வியாகுலம் தம்பியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

உவரனுக்குத் தலை மட்டும்தான் மிச்சம். "தூக்கிக் கடல்ல போடுங்க" என்றார்கள் சிலர். ராஜாவும் அதற்குத் தலையாட்டினார். அப்போது அக்கரையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. கொடி இறங்கிவிட்டது.

உப்பாகிக்கொண்டிருந்த உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தான் உவரன். "நாக்கு எரிகிறது. ஒரு மடக்குத் தண்ணீர் கொடு தாயே."

எல்லாரும் வியாகுலத்தைப் பார்த்தார்கள். இப்போது அவளைக் கட்ட மந்திரமும் இல்லை, வேஷமும் இல்லை. அவள் பழைய வியாகுலம். மறுத்தால் ஒன்றும் ஆகாது, ஊரே சபாஷ் போடும்.

அவள் காகிதக் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். உப்பான அவன் கைகளுக்குக் கீழேயிருந்து பானையை உருவி முதலில் தான் வயிறு நிறையக் குடித்தாள். அடுத்துத் தம்பிக்குக் கொடுத்தாள். மீதியைக் கொண்டுபோய் உவரன் வாயில் வைத்தாள்.

தண்ணீர் உள்ளே இறங்க இறங்க உப்பு கழன்று பொலபொலவென்று கொட்டியது. உள்ளே இருந்தது மந்திரம் போன ஒரு சாதாரணக் கிழவன். அவன் இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்துப் பாம்படத்தை அவள் கையில் வைத்தான். பிறகு குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் கோயில் முற்றத்தில் அசனம், ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ராஜாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அரண்மனைக் கதவு அதற்குப் பிறகு சாத்தப்படவே இல்லை. உவரன் குடத்தைத் தூக்கிக்கொண்டு இலை இலையாய்த் தண்ணீர் ஊற்றி வந்தான். வியாகுலம் அம்மாளிடம் கேட்க வேண்டிய வரத்தைக் கேட்கவே மறந்திருந்தாள், ஞாபகம் வந்தபோது கேட்க ஒன்றுமில்லை.

சிங்கராயன் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் பக்கம் சாய்ந்தான்.

"யக்கா, அவன் தண்ணி கேக்கும்போது கொடி இறங்கியாச்சுல்ல?"

"ஆமா, மணி கேட்டுதே."

"பிறகு ஏன் கொடுத்தே?"

வியாகுலம் தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

"கேட்டான்லா" என்றாள்.