விரால் கேட்ட கேள்வி

மழை மனிதரோடு கோபித்துக்கொள்ளத் தொடங்கிய காலத்திலே, ஒரு காட்டுக்குள் ஒரு குளம் இருந்ததாம். அதிலிருந்து ஆற்றுக்கு ஒரு சிறு வாய்க்கால் ஓடியது.

குளக்கரையில் ஒரு மைனா. சாயங்காலமானால் பட்டமரத்தில் உட்கார்ந்து, விஷயம் தெரிந்த யாரையாவது அழைத்துக் கேள்வி கேட்கும். தவளை, நண்டு, முயல் எல்லாம் கூடிக் கேட்கும்.

அன்றைக்கு வந்தது நீர்நாய். குளத்தின் அடியில் மூழ்கி மூழ்கி ஊற்றுக்கண்களை ஆராய்வதே அதற்கு வேலை.

"நீர்நாயாரே, குளம் வற்றும் என்கிறீர்களாமே?"

"வற்றும் போலத்தான் தெரியுது. போன கோடையில் என் மீசையில் குளிர்ச்சி தட்டின ஊற்றெல்லாம் இப்போ அடைஞ்சு கிடக்கு. காட்டுக்கு வெளியே ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுகிறார்கள். மழைக்கு முன்னாலேயே தண்ணீர் தீர்ந்துபோகலாம்."

"அப்போ நிச்சயம் தீரும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா?"

"நிச்சயமா எப்படிச் சொல்ல? ஒருவேளை மழை முந்திக்கொண்டாலும் முந்தும்."

அப்போது ஒரு விரால் மீன் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. அதன் வயிற்றடியில் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள், ஒரே கொத்தாக.

"அண்ணே, எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஆற்றுக்குப் போகட்டுமா, இருக்கட்டுமா?"

"போயிடு தாயி. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போதே போயிடு."

மைனா குறுக்கிட்டது. "ஒரு பக்கம் மட்டும் கேட்டால் நியாயமில்லை. மறுபக்கம் பேச எருமையாரை அழைத்திருக்கிறோம்."

சேற்றில் படுத்திருந்த எருமை காதை ஆட்டியது. "குளமாவது வற்றுவதாவது! என் பாட்டன் குளித்த குளம் இது. நானும் தினம் படுக்கிறேன், முதுகு நனையத்தான் செய்யுது." பிறகு மெல்லச் சிரித்தது. "அது கிடக்கட்டும். இந்த நீர்நாய் என்ன தின்னும்னு கேளு. வாய்க்காலில் முழங்கால் ஆழம்கூட இல்லை. அந்த வழியா மீனைப் போகச் சொல்றது யாரு?"

கரையே சிரித்தது.

நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டது. "நான் மீன் தின்கிறவன்தான். இல்லைன்னு சொல்லலை. வேணும்னா குன்றுப்பக்கம் போய் இருக்கேன். இவள் ஆறு சேர்ந்த பிறகு வாறேன்."

"மாட்டிக்கிட்டான் பாரு," என்றது தவளை.

"இரு தரப்பையும் கேட்டோம். முடிவு உங்கள் கையில்," என்றது மைனா.

விரால் யோசித்தது. ஒருவர் ஒருவேளை என்கிறார். இன்னொருவர் இல்லவே இல்லை என்கிறார். அது குஞ்சுகளோடு அங்கேயே இருந்துவிட்டது.

வெயில் ஏறியது. முதலில் வாய்க்கால் அறுந்தது. மைனா மறுபடி கேட்டது, எருமை மறுபடி அதையே சொன்னது. குளம் குட்டையானது. குட்டை வெறும் சேறானது.

எருமை எழுந்து உடம்பை உதறியது. "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த குளத்துக்கு நடந்தது.

மைனா விராலின் அருகே வந்து உட்கார்ந்தது. "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

விரால் தலையைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டது. மைனா பறந்துவிட்டது.

விராலுக்குச் சேற்றில் புதைந்து உயிரைப் பிடித்துக்கொள்ளத் தெரியும். குஞ்சுகளுக்கு அந்த வயது வரவில்லை. அவை ஈரம் காய்ந்த மண்ணில் அசையாமல் கிடந்தன.

கடைசியாக நீர்நாய் வந்தது.

"இனிமே என்ன, தின்னுட்டுப் போங்க அண்ணே," என்றது விரால்.

பசியோடுதான் வந்திருந்தது நீர்நாய். ஆனாலும் தின்னவில்லை. ஆற்றுப்பக்கம் நடந்தது.

அறிந்தவன் தயங்கிச் சொல்வதைத் தள்ளிவிட்டு, அறியாதவன் அடித்துச் சொல்வதை நம்பினால், அதற்கு நம் பிள்ளைகள்தான் சாவார்கள்.