துண்டுக்கடியில் ஒரு சம்பளம்

மாட்டுச் சந்தையை ஒட்டி ஒரு மடம். அங்கே இருந்த சாமிக்கு வயது குறைவு. அவரிடம் பாடம் கேட்க வருகிற மாட்டுத் தரகர் பொங்கியண்ணனுக்கு அவரைவிட வயது கூட. இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார், தரையில்தான் உட்காருவார். பொங்கியண்ணன் சந்தேகப்படாத ஆள் ஊரில் சாமி ஒருவர்தான் என்று சொல்வார்கள். சாமி எதையும் விற்காததுதான் அதற்குக் காரணமாம்.

ஒரு சந்தை நாளில் மகள் கௌசிகாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சாமி, இவ விஸ்காம் படிக்கோணுங்கறா. பேசறது, எழுதறது, படம் புடிக்கறது, அத்தனைக்கும் சேர்த்து ஒரு டிகிரியாம். நாலரை லட்சம் கடன். பேங்குல நான் ஜாமீன் போடோணும். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

பொங்கியண்ணன் இடுப்பிலிருந்து கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"முடிச்சா மாசம் முப்பத்தஞ்சாயிரம்னு போட்டிருக்கான். படிச்சு முடிச்ச மூணு பேரோட படம் வேற. மூணும் பல்லைக் காட்டுது. கிழட்டு மாட்டுக்குப் பல்லை ராவி இளங்கன்னுன்னு விக்கறவனை எல்லாம் பாத்தவனுங்க நான்."

"அப்பா, அது காலேஜு. சந்தை இல்லை" என்றாள் கௌசிகா.

"ரெண்டுலயும் மணி கட்டித்தான் நிறுத்தறாங்க, கண்ணு."

சாமி சிரிக்கவில்லை. "மாட்டுக்காரன் ஒரு விலை சொன்னா என்ன செய்வீங்க?"

"மாட்டை நடக்க விட்டுப் பாப்பேன். போன வருசம் அவன்கிட்ட வாங்கினவன் பட்டிக்கே போயி விசாரிப்பேன்."

"இதுக்கு விசாரிச்சீங்களா?"

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார். "சந்தேகம் மட்டும் பட்டேனுங்க."

"அதுக்குக் கால் வலிக்காது" என்றார் சாமி.

அடுத்த சந்தைக்கு அப்பாவும் மகளும் திரும்ப வந்தார்கள். கால்களில் பஸ் பயணத்துப் புழுதி.

"மூணு பேரையும் பாத்தாச்சுங்க சாமி. ஒரு பையன் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டறான், பன்னெண்டாயிரம். ஒரு புள்ள முப்பத்தஞ்சு வாங்குது. நெசந்தான். ஆனா அஞ்சு வருசம் ஓடியாடின பொறவு. மூணாவது ஆளு..." பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கு அந்தக் காலேஜுலயே வேலைங்க. இந்தப் புத்தகத்தைத் தயார் பண்றதே அவந்தான். தம் படத்தைத் தானே போட்டுக்கிட்டான்!"

"அப்ப புத்தகம் பொய்யா?"

"பொய்யுமில்லீங்க, மெய்யுமில்லீங்க. ராவின பல்லு."

"மக என்ன சொல்லுது?"

"அவ என்ன சொல்லுவா? அவளுக்குப் படிக்கோணும். விக்கறவன் தம் மாட்டைத் தானே குறை சொல்லுவானா?"

சாமி எழுந்தார். பொங்கியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

அந்தச் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் கையைத் துண்டால் மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரல் என்றால் ஆயிரம். ஐந்தும் சேர்த்தால் ஐயாயிரம். பிடித்தவனுக்கும் பிடிபட்டவனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நடக்கப் பழகும்போதே சந்தைக்கு வந்தவள் கௌசிகா. அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

சாமி அப்பா கையையும் மகள் கையையும் சேர்த்து, மேலே துண்டைப் போட்டார்.

"முதல் சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க."

பொங்கியண்ணன் மனசுக்குள் பதினைந்தாயிரம் வைத்திருந்தார். மகள் இருபதாயிரமாவது சொல்வாள், அதிலிருந்து இறக்கலாம் என்று காத்திருந்தார்.

கௌசிகா அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். மறுபடி ஐந்தையும் பிடித்தாள். அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டாள்.

பொங்கியண்ணன் முகம் மாறியது.

"சாமி, பத்துன்னு சொல்றா. விக்கறவளே விலையைக் குறைக்கறா. இதுல என்னமோ சூது இருக்குதுங்க."

சாமி துண்டை உருவி எடுத்தார். "இப்ப வாயால சொல்லும்மா."

"பத்துதானப்பா வரும்" என்றாள் கௌசிகா. "அந்த மூணு பேரைப் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மாசத் தவணைக்கு ஏழு போயிடும். மீதி மூணுல பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பாத்துக்குவேன். வீட்டுல இருந்தே போய் வருவேன். மூணு நாலு வருசம் இப்படித்தான் இருக்கும். அதுக்கப்புறம் ஏறலாம், ஏறாமயும் போகலாம். ஏறாம எனக்குக் கட்ட முடியலைன்னா ஜாமீன் போட்ட நீங்கதான் கட்டோணும். அது உங்களால ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. கவர்மெண்ட் காலேஜுல பி.காம். இடம் இருக்குது, போறேன். அழ மாட்டேன்."

"ஏன் கண்ணு, இதை முன்னாடியே சொல்லலை?"

"நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களேப்பா. புத்தகத்தைத்தான கேட்டீங்க."

பொங்கியண்ணன் மகளைப் பார்த்தார். நெற்றியை, கண்ணை, வாயை. பார்வை மேலும் கீழும் போய்வந்தது. புதுமாடு ஒன்று முன்னால் வந்து நின்றால் அவர் அப்படித்தான் பார்ப்பார், வீட்டுக்கு ஆகாத மயிர்ச்சுழி எங்காவது மறைந்திருக்கிறதா என்று.

கடைசியில் குரலைத் தணித்து, "எனக்கு ஒண்ணும் அகப்படலைங்க. நீங்களாவது சொல்லுங்க சாமி, இதுல எங்க இருக்குது சுழி?" என்றார்.

சாமி துண்டை மடித்து அவர் மடியில் வைத்தார்.

"சுழி பாக்கறது வாங்கறவன் வேலைங்க. இது உங்க வீட்டுப் புள்ள. நீங்க இன்னைக்கு என்ன வாங்க வந்தீங்க?"