ஒண்ணும் பண்ணாத தூசி

சிங்காநல்லூரில் கார் பட்டறை வைத்திருந்த சென்னியப்பனுக்குக் கார் என்றால் உயிர், வேலையாள் என்றால் மயிர். புதுப் பெயிண்டு அடிக்கும் முன் பழைய காரின் துருவை மணலைப் பீய்ச்சியடித்து உரிப்பது பொன்னுரங்கத்தின் வேலை. முகமூடி கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கிழிந்த துண்டு, அவ்வளவுதான்.

ஒருநாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து, இந்த மணல் தூசி நெஞ்சுக்குள் போகாதா என்று கேட்டார். சென்னியப்பன் பல்லை இளித்தார்.

"சாதாத் தூசிங்க சார், ஒண்ணும் பண்ணாது. டேய் ரங்கம், நீயே சொல்றா!"

மாற்றிச் சொன்னால் வேலை போய்விடும் என்று கண்ணாலேயே மிரட்டினார்.

பொன்னுரங்கம் துண்டை அவிழ்த்தான். "ஆமாங்க சார், ஒண்ணும் பண்ணாதுங்க" என்றபடி மேசையில் கிடந்த கார் சாவியை எடுத்தான். "மொதலாளியோட புதுக் கார் வெயில்ல காயுதுங்க. நான் மணல் அடிக்கிற கொட்டகைக்குள்ளயே விட்டுடறேன்."

"அடேய், சாவியை வைடா!" சென்னியப்பன் பாய்ந்தார். "அந்தத் தூசி பட்டா பெயிண்டு நாசமாப் போயிரும்டா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார்.

பொன்னுரங்கம் சாவியைச் சென்னியப்பன் கையில் வைத்து அழுத்தினான்.

"காருக்கு மறுபடி பெயிண்டு அடிச்சுக்கலாம் மொதலாளி. என் நெஞ்சுக்குள்ள எவன்யா வந்து அடிப்பான்?"